ஏட்டி, பாலைப் பாரு!

நடுவர் அய்யா அவர்களே, எதிரணி அண்ணாச்சிமாரே, சுண்டல் கிடைத்தவர்களே, கிடைக்காதவர்களே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம், வணக்கம். ஏழு நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். மைக்கை என் உயரத்துக்கு இறக்குவதிலேயே ஒரு நிமிடம் போய்விட்டது.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். பண்டிகை நாட்கள் அம்மாமாருக்குக் கொண்டாட்டமா, திண்டாட்டமா? நான் கொண்டாட்டம் என்று பேச வந்திருக்கிறேன். வீட்டில் அச்சு முறுக்குக்கு மாவு கரைத்துப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்பதை மட்டும் எதிரணியிடம் சொல்லிவிடாதீர்கள்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணாச்சி ஒரு போடு போட்டார். "கேரல் பாட்டு வாசலில், அம்மா அடுப்படியில். கோயிலில் முழங்கால் போட்டாலும் நினைப்பு குக்கர் விசிலில். பைபிளில் மார்த்தாள் என்று ஒருத்தி அடுப்படியே கதி என்று கிடந்தாள், கடைசியில் ஆண்டவரிடமே பேச்சு வாங்கினாள்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியது யார் தெரியுமா? இரண்டாவது வரிசை, நீலச் சட்டை. எங்கள் வீட்டுக்காரர்.

மார்த்தாள் கொஞ்சம் காத்திருக்கட்டும். முதலில் நீலச் சட்டை.

இரண்டு வருஷத்துக்கு முந்தின கதை. பாளையங்கோட்டை டிசம்பர் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடி வருகிற கேரல் ரவுண்ட்ஸ் எங்கள் தெருவுக்கு ராத்திரி பத்து மணிக்கு என்று அறிவித்தார்கள். அன்று சாயங்காலம் முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுத்துக்கொண்டிருந்தேன். "நாலு தேங்காய் துருவித் தாங்க" என்றேன். "மூட்டு வலி, தரையில் உட்கார முடியாது" என்றார். அதோடு விட்டாரா? "ராத்திரி பாட்டுச் சத்தத்தில் தூக்கம் கெடும், நான் தம்பி வீட்டில் படுத்துக்கிறேன்" என்று காலை நொண்டிக்கொண்டே போனார். எனக்கே பாவமாக இருந்தது. தைலம் கொடுத்து அனுப்பினேன்.

பத்து மணிக்குப் பாலை அடுப்பில் வைத்தேன். வரவில்லை. பன்னிரண்டுக்குச் சுட வைத்தேன். வரவில்லை. மூன்று மணிக்கு வந்தார்கள். மினி லாரி, ஜெனரேட்டர், கீபோர்டு, டிரம்ஸ், முன்னால் கிறிஸ்துமஸ் தாத்தா. அந்தத் தாத்தா ஆடின ஆட்டம் இருக்கிறதே! உட்காருகிறார், எழுகிறார், ஒற்றைக்காலில் சுற்றுகிறார், திரும்பவும் உட்காருகிறார். எந்த வீட்டுப் பிள்ளையோ, பத்தொன்பது வயசு இருக்கும் என்று நினைத்தேன். கேக் தட்டை நீட்டினேன். முகமூடியோடு எப்படித் தின்பார்? தலையைக் குனிந்து நின்றார். நானும் குனிந்தேன். செருப்பு தெரிந்தது. வார் அறுந்து, பச்சை நூலால் நானே தைத்துக் கொடுத்த செருப்பு!

பின்வரிசையில் கேட்கவில்லை என்கிறார்கள். சரி, மறுபடியும் சொல்கிறேன். சாயங்காலம் தேங்காய் துருவ மடங்காத மூட்டு. ராத்திரி மூன்று மணிக்கு நடுத்தெருவில் மடங்கின மூட்டு. ஒரே மூட்டு, அண்ணாச்சி! நான் சத்தம் போடவில்லை. பஞ்சுத் தாடிப் பக்கம் போய், "தாத்தா, உள்ளே நாலு தேங்காய் அப்படியே இருக்கு" என்றேன். தாத்தா அடுத்த தெருவுக்கு ஓடின ஓட்டத்தில் மினி லாரி பின்தங்கிவிட்டது.

இந்தச் சிரிப்பு திண்டாட்டமா அய்யா? குறித்துக்கொள்ளுங்கள்.

அன்று இந்தக் கூத்தைப் பார்த்து நின்றதில் பாலை மறந்தேன். உள்ளே இருந்து எங்கள் அம்மா, "ஏட்டி, பாலைப் பாரு!" என்று போட்ட சத்தம் டிரம்ஸைத் தாண்டிக் கேட்டது. அம்மா வாசலுக்கு வரமாட்டாள். அடுப்படி முக்காலியில் உட்கார்ந்தபடியே வெளியே பாடுகிறவர்களோடு சேர்ந்து பாடுவாள்.

இப்போது மார்த்தாள். அவள் பேச்சு வாங்கின லூக்கா பத்தாம் அதிகாரத்தோடு அண்ணாச்சி பைபிளை மூடிவிட்டார். யோவான் சுவிசேஷத்தைத் திறக்கவேயில்லை. அவள் சகோதரன் லாசரு இறந்த வீட்டுக்கு இயேசு வருகிறார் என்றதும் எதிர்கொண்டு ஓடினது யார்? மார்த்தாள். "நீர் கிறிஸ்து" என்று அங்கே அறிக்கையிட்டது யார்? அதே மார்த்தாள். பன்னிரண்டாம் அதிகாரத்தில் மறுபடியும் விருந்து, மறுபடியும் மார்த்தாள் பணிவிடை செய்கிறாள். அங்கே அவளை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை! அப்புறம் இருபத்தொன்றாம் அதிகாரம். உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு, ராத்திரியெல்லாம் வலை வீசி வந்தவர்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். அடுப்படியை இளப்பமாகப் பேசுகிற அண்ணாச்சி, அந்த அடுப்பு யார் மூட்டினது?

பாட்டு வாசலில் என்றீர்கள். நம் திருநெல்வேலியில் 1774இல் பிறந்து, தஞ்சாவூர் போய், சரபோஜி மன்னரோடு சேர்ந்து படித்தவர் வேதநாயகம் சாஸ்திரியார். அவர் ராகமும் தாளமும் குறித்துக் கிறிஸ்தவக் கீர்த்தனை எழுதினார். எங்கள் அம்மாவுக்கு ராகத்தின் பெயர் ஒன்றுகூடத் தெரியாது. உரலில் உளுந்து ஆட்டும்போது குழவி சுற்றுவதுதான் தாளம். மாவு கெட்டியானால் பாட்டும் மெதுவாகப் போகும். நான் கீர்த்தனை படித்தது ஞாயிறு பள்ளியில் இல்லை, அந்த உரலுக்குப் பக்கத்தில்.

போன வருஷம் நவம்பரில் அம்மா போய்விட்டாள்.

துக்க வீடு. ஸ்டார் கட்டவில்லை. முறுக்கு அச்சு பரணில் கிடந்தது. பக்கத்து வீட்டு அக்கா, தீபாவளிக்கு எங்களுக்கு அதிரசம் தருகிறவர்கள், ஒரு தூக்குச்சட்டியில் பலகாரம் கொடுத்து அனுப்பினார்கள். எதிரணி சொல்கிற திண்டாட்டம் எதுவும் எனக்கு இல்லை. ஒன்பது மணிக்கே படுத்துவிட்டேன். தூக்கம் வரவில்லை.

மூன்று மணி இருக்கும். பிள்ளைகள் டிரம்ஸை லாரியிலேயே விட்டுவிட்டு, ஒரே ஒரு கித்தாரோடு வந்து நின்றார்கள். தாத்தா வேஷம் இல்லை. அம்மா பாடுகிற கீர்த்தனையை மெதுவாக எடுத்தார்கள். நான் என் பாட்டுக்கு எழுந்துபோய்ப் பாலை அடுப்பில் வைத்திருக்கிறேன், வைத்தது எனக்கே தெரியாது. பல்லவி முடிந்தது. அடுத்த அடியில் அடுப்படியிலிருந்து ஒரு குரல் சேரும். சேரவில்லை. முக்காலியையே பார்த்துக்கொண்டு நின்றேன். பால் பொங்கி வழிந்தது. ஏட்டி என்று கூப்பிட ஆள் இல்லை.

வீட்டுக்காரர் வந்து அடுப்பை அணைத்தார். ஒன்றும் பேசவில்லை. துணியை எடுத்துக்கொண்டு, மூட்டை மடக்கித் தரையில் உட்கார்ந்து, பாலைத் துடைத்தார்.

நீலச் சட்டை இப்போது கைதட்டவில்லை பாருங்கள். கண்ணாடியைத் துடைக்கிறார்.

நடுவர் அய்யா மணியடிக்கிறார். முடித்துவிட்டேன் அய்யா. இன்று ராத்திரி எங்கள் தெரு. பத்து மணி என்று அறிவித்திருக்கிறார்கள். மூன்று லிட்டர் பால் வாங்கி வைத்திருக்கிறேன். வருகிறேன்.