மணியோசை முன்னே வரட்டும்

(கோத்தகிரிக்கு அருகில் நடந்த அமெச்சூர் மலைச் சைக்கிள் பந்தயத்தின் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பேரன்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, இந்தச் சாரல் மழையிலும் உதகையிலிருந்து பரிசு வழங்க வந்திருக்கும் காவல்துறை அதிகாரி அவர்களே, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து விடுமுறை நாளென்றும் பாராமல் வந்திருக்கும் ஆய்வாளர் அம்மையார் அவர்களே, பந்தயத் தடத்துக்காகத் தம் தேயிலைத் தோட்டத்துப் பாதையை இரண்டு நாட்கள் திறந்துவிட்ட பெரியவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்து என் தமிழைத் தணிக்கை செய்துகொண்டிருக்கும் புலவர் ஐயா அவர்களே, சேறு காயாத உடையோடு அமர்ந்திருக்கும் வீரர்களே, வீராங்கனைகளே, அவர்களைப் பெற்ற குற்றத்துக்காகக் காலை முழுவதும் நெஞ்சில் கைவைத்து நின்ற பெற்றோர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

இன்று நான்கு செய்திகளைப் பேசுவதாக அமைப்பாளர்களிடம் சொல்லியிருக்கிறேன். இந்த விளையாட்டு பிறந்த கதை, மழைக்காலத்தில் தடத்து மண் அரிக்காமல் காப்பது, பயிற்சியின்போது பொதுச் சாலையில் நடந்துகொள்ளும் முறை, இன்னும் அதிகமான பெண்களைப் பந்தயத்துக்கு அழைத்துவருவது என்பவை அந்த நான்கு. எனக்குக் கொடுத்திருப்பது இருபது நிமிடம். நான் மேடை ஏறினால் கடைசியில் எங்கே போய் நிற்பேன் என்பது என் நண்பர்களுக்குத் தெரியும். ‘யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே’ என்ற பழமொழியை நான் எத்தனையாவது நிமிடத்தில் சொல்வேன் என்று பின்வரிசையில் பந்தயம் கட்டியிருப்பதாகவும் கேள்விப்பட்டேன். சொல்லிவிட்டேன், வென்றவர் பணத்தை வாங்கிக்கொள்ளலாம்.

முதலில் கதை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மரின் என்றொரு மாவட்டம் இருக்கிறது. அங்கே ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்கு அருகில், காட்டுத்தீயை அணைக்கப் போகும் வண்டிகளுக்காக வெட்டிய செங்குத்தான மண்சாலையில், 1976ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் சில இளைஞர்கள் ஒரு பந்தயம் வைத்தார்கள். அவர்களிடம் இருந்தவை இரண்டாம் உலகப் போருக்கு முன்பிருந்தே புழக்கத்தில் இருந்த, தடித்த டயர் கொண்ட பழைய சைக்கிள்கள். தடத்தின் நீளம் ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர். இறக்கமோ நானூறு மீட்டர். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக்தான் அந்த வண்டிகளில் இருந்தது. கீழே வந்து சேர்வதற்குள் சூட்டில், சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள் இருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும் என்பதால், ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் ஹப்பைப் பிரித்துப் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. அதனால் அந்தப் பந்தயத்துக்கே ‘ரீபேக்’, அதாவது ‘மீண்டும் அடைத்தல்’, என்று பெயர் வந்தது. அங்கே சறுக்கி விழுந்து எழுந்த ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர் போன்றவர்கள்தான் பிறகு மலைக்கென்றே வண்டிச் சட்டகங்களையும் கியர்களையும் அமைத்து, இன்று நீங்கள் ஓட்டும் வண்டிக்கு உருவம் கொடுத்தார்கள். இருபதே ஆண்டுகளில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிளின் க்ராஸ் கன்ட்ரி பந்தயம் இடம்பெற்றது. 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி நமக்குப் பக்கத்தில், கேரளத்தின் பொன்முடி மலையிலேயே நடந்தது.

இந்தக் கதையை இத்தோடு நிறுத்துவதுதான் வழக்கம். நான் அடுத்த பக்கத்தையும் புரட்ட விரும்புகிறேன். விளையாட்டு பிறந்த அதே மரின் மாவட்டத்தில்தான், நடப்பவர்களும் குதிரையில் வருபவர்களும் சைக்கிள்காரர்களைப் பற்றிப் புகார் சொல்லத் தொடங்கினார்கள். வளைவு திரும்பியதும் மேலே வந்து விழுகிறார்கள் என்பதுதான் அந்தப் புகார். குறுகலான ஒற்றையடிப் பாதைகள் பல சைக்கிளுக்கு மூடப்பட்டன. திறந்திருந்த அகலமான மண்சாலைகளிலும் மணிக்கு 15 மைல், பிறரைக் கடக்கும்போதும் கண்மறைவான வளைவிலும் 5 மைல் என்று வேக வரம்பு வந்தது. ஐந்து மைல் என்பது நம் கணக்கில் எட்டுக் கிலோமீட்டர், அதாவது வேகமாக நடப்பவரின் வேகத்தை விடச் சற்றே அதிகம். தொட்டில் கட்டிய ஊரிலேயே குழந்தையை வெளியே நிறுத்திய கதை இது. தவறு யார் பக்கம் என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. முன்னே வர வேண்டிய மணியோசை அங்கே வரவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

இதோ, ஊர்த் தலைவர் அவர்கள் வந்துவிட்டார்கள். ஐயா, வாருங்கள், மேடைக்கு வாருங்கள். இந்த ஊர் மக்கள் பந்தயத்துக்கு வந்த இளைஞர்களுக்குத் தம் வீடுகளில் இடம் கொடுத்துச் சோறு போட்டதற்கு எங்கள் மன்றம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அந்தச் சால்வையை இப்போதே போர்த்திவிடலாம் என்று தலைவர் சைகை காட்டுகிறார். நல்லது. (கைதட்டல்.)

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அமெச்சூர் பந்தயம் ஒன்றுக்கு மூன்று வாரம் இருந்தது. புதிதாக வாங்கிய வண்டியில் மணி இருந்தது. எடையைக் குறைக்கிறேன் என்று முதல் நாளே அதைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டேன். அன்று நான் காலையில் சாப்பிட்டது ஐந்து பரோட்டா என்பதையும் அவையோர் கணக்கில் கொள்ள வேண்டும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் நோக்கி இறங்கினேன். பனிமூட்டம், சாலை ஈரம். ஒரு வளைவு திரும்பினால், இலை பறிக்கப் போகும் பாட்டி ஒருவர், முதுகில் கூடையோடு, ஓரத்தில் நடந்துகொண்டிருந்தார். நான் “ஓரம்! ஓரம்!” என்று கத்தினேன். ஓரத்தில் இருப்பவரைப் பார்த்து ஓரம் என்றால் அவர் என்ன செய்வார்? இன்னொரு ஓரத்துக்குப் போக வேண்டும் போலிருக்கிறது என்று எண்ணிக் குறுக்கே நடந்தார். நான் ஹேண்டில்பாரை ஒடித்துத் திருப்பினேன். வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்; தேயிலைச் செடிக்குள் தலைகுப்புறக் கிடந்தேன். தேயிலைச் செடி தூரத்தில் பார்க்க மெத்தை மாதிரி இருக்கும். விழுந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் தண்டு எவ்வளவு கெட்டி என்பது தெரியும்.

பாட்டிக்கு ஒரு கீறலும் இல்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து, என் கையைப் பிடித்துத் தூக்கினார். ரத்தம் வந்த இடத்தில் தம் தலைத்துண்டைக் கிழித்துக் கட்டினார். இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, சிறு வயதில் தாயகம் திரும்பி வந்தவர் என்பதை அவர் பேச்சிலிருந்து பிறகு தெரிந்துகொண்டேன். பக்கத்திலிருந்த கடைக்கு அழைத்துப்போய் டீ வாங்கிக் கொடுத்தார்; காசு என்னைக் கொடுக்க விடவில்லை. அதுவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. டீ குடித்து முடித்ததும் என் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “எவ்வளவு சாமி இது?” என்று கேட்டார். சொன்னேன். கடைக்காரர் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டார். பாட்டி நிதானமாகச் சொன்னார்: “எங்க ஊட்டு மாடு எட்டாயிரம். அதுக்கே கழுத்துல மணி கட்டித்தான் மேய விடுறோம். இத்தனை காசு போட்ட உனக்கு ஒரு மணி கட்டிவிட ஆளில்லையா?”

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று மாலையே இழுப்பறையைத் திறந்தேன்.

புலவர் ஐயா அனுமதித்தால் இன்னொரு மணியையும் நினைவூட்டுவேன். திருவாரூரில் மனுநீதிச் சோழன் மகன் ஓட்டிய தேரின் சக்கரத்தில் பசுங்கன்று சிக்கி இறந்ததும், தாய்ப்பசு அரண்மனை வாயிலின் ஆராய்ச்சி மணியை அடித்ததும் நாம் அறிந்தவை. நீதிக் கதையாகவே அதைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அது ஒரு சாலை விபத்தின் கதையும்தான் என்பது தோன்றுவதில்லை. மணி அரண்மனை வாயிலில் தொங்கியது. தெருவில் ஒலித்திருந்தால் கன்று பிழைத்திருக்குமே என்று எனக்குத் தோன்றும். தேரிலும் மணிகள் இருந்திருக்குமே என்று ஐயா புருவம் உயர்த்துகிறார். இருந்திருக்கலாம், ஐயா. அப்படியென்றால் மணி மட்டும் போதாது, வேகமும் குறைய வேண்டும் என்றாகிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

சாலைக்கு வருகிறேன். குறுகலான மலைச் சாலையில் இறங்கும் வண்டி ஓரமாக நின்று, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று 2017 வரை நடப்பில் இருந்த 1989ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகளே சொல்லியிருந்தன. அது மோட்டார் வண்டிக்கான விதி என்று சட்டம் படித்த தம்பிகள் சொல்வார்கள். மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருப்பவர் நின்றால் மீண்டும் கிளம்புவது கடினம் என்ற நியாயம், மோட்டாருக்கு ஒன்றும் மிதிப்பவருக்கு வேறொன்றும் ஆகாது. கொண்டை ஊசி வளைவில் அரசுப் பேருந்து திரும்பும்போது அதற்கு முழுச் சாலையும் தேவைப்படுகிறது. உள்பக்கம் இடம் தெரிகிறதே என்று நுழைந்தால் பின்சக்கரம் அந்த இடத்துக்குத்தான் வரும். நேர்ச்சாலையில் நின்று, பேருந்து திரும்பிய பிறகு போங்கள். கூட்டமாகப் போகும்போது வளைவுக்கு முன்பே ஒற்றை வரிசைக்கு மாறிவிடுங்கள். நடப்பவரைக் கடக்கும் முன் தொலைவிலேயே ஒரு முறை மணி அடித்து, நடைவேகத்துக்கு இறங்கி, “பின்னால் இன்னும் மூன்று பேர் வருகிறார்கள் அம்மா” என்று சொல்லிவிட்டுப் போங்கள். முதல் வண்டி போனதும் சாலைக்குள் கால் வைப்பவரை இரண்டாவது வண்டிதான் இடிக்கிறது. காட்டுமாடு நின்றால் மட்டும் மணியும் வேண்டாம், வீரமும் வேண்டாம். தூரத்தில் நின்று, அது போகும்வரை காத்திருங்கள்.

மணி எதற்கு, பின்சக்கரத்து ஃப்ரீவீலின் ‘டிக் டிக்’ சத்தமே போதும் என்று ஒரு வீரர் என்னிடம் வாதிட்டார். அந்தச் சத்தம் மிதிப்பதை நிறுத்தினால்தான் வரும். அதுவும் காதருகே வந்த பிறகே கேட்கும். வாயால் கத்தினால் போதாதா என்றார் மற்றொருவர். கத்துவது அதட்டல், மணி விண்ணப்பம். என் வலது முழங்கையில் இன்றும் உள்ள தழும்பு இந்த வேறுபாட்டுக்குச் சாட்சி. எடை கூடுமே என்பவர்களுக்கு, ஒரு மணியின் எடை பாதி வாழைப்பழம்கூட இல்லை.

ஆகவே அவைத் தலைவர் அவர்களிடமும் மன்றத்திடமும் ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அடுத்த ஆண்டுப் பந்தயத்தில், ஹெல்மெட்டையும் பிரேக்கையும் சோதிக்கும் அதே மேசையில் மணியையும் சோதிக்க வேண்டும்; மணி இல்லாத வண்டிக்கு எண் அட்டை தரக்கூடாது. மூடிய தடத்தில் மணி எதற்கு என்று கேட்பீர்கள். பந்தயம் அரை நாள். அதற்கான பயிற்சி ஆண்டு முழுவதும், அதுவும் பாட்டிகள் நடக்கும் சாலையில். யானைக்கே முன்னே மணியோசை வருமென்றால், பதின்மூன்று கிலோ வண்டிக்கு வராமல் போகலாமா?

மண் அரிப்பைப் பற்றியும் பெண் வீராங்கனைகளைப் பற்றியும் பேசுவதற்கு நேரமில்லை என்று தலைவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். தேநீர் இடைவேளையில் வாசலருகே ஒரு பெட்டியோடு நிற்பேன். அதில் நாற்பது மணிகளும் ஒரு ஸ்குரூடிரைவரும் இருக்கின்றன. விலை கிடையாது, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால் நானே பூட்டித் தருகிறேன். நன்றி, வணக்கம்.