பால் காய்ச்சும் தேதி

நேயர்களுக்கு வணக்கம்.

"சின்ன அளவில் இன்டீரியர் டிசைன் தொழில் நடத்துகிறீர்களே, போன வருஷம் மூச்சு விட நேரமில்லாமல் ஓடினீர்களாமே, அதைப் பற்றிப் பதினைந்து நிமிஷம் பேசுங்களேன்" என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, என் தொழிலே படம் போட்டுக் காட்டுவது. வானொலியில் படத்தை எங்கே காட்ட? அதனால் இன்றைக்குப் படம் கிடையாது. தேதி, அளவு, பணம் என்று மூன்று விஷயம் பேசலாம் என்று எழுதி வந்திருக்கிறேன். மூன்றும் உங்கள் வீட்டிலும் புழங்குகிற சங்கதிதான்.

எங்கள் அலுவலகம் திருச்சி தில்லைநகரில் ஒரு மாடி அறை. மொத்தம் நாலு பேர். வரைபடம் போடுகிற பெண் ஒருத்தி, சைட்டைப் பார்க்கிற தம்பி ஒருவன், மத்தியானம் மட்டும் வந்து கணக்கு எழுதும் ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர், நான். சம்பளப் பட்டியலில் இல்லாத ஐந்தாவது ஆள் எங்கள் ஆசாரியார். மர வேலை முழுக்க அவர் பொறுப்பு. எனக்கு இந்தத் தொழிலில் தெரிந்ததில் பாதி அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது.

முதலில் தேதி. எங்கள் தொழிலுக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று வருஷம் கிடையாது. சுவரில் மாட்டிய தினசரிக் காலண்டரில் கீழே பொடி எழுத்தில் முகூர்த்தம் போட்டிருக்கும் பாருங்கள், அதுதான் எங்கள் வருஷம். ஆனி, ஆடி, புரட்டாசி, மார்கழி, பங்குனி இந்த ஐந்து மாதத்திலும் பெரும்பாலும் யாரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். ஆடி என்றால் ஜவுளிக்கடையில் தள்ளுபடி, கல்யாண மண்டபத்தில் பூட்டு. அப்படியானால் எங்களுக்கும் ஓய்வு என்றுதானே நினைப்பீர்கள்? நானும் முதல் வருஷம் அப்படி நினைத்துக் குற்றாலத்துக்கு அறை போட்டேன். போகவில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் முடிக்க வேண்டிய வீடுகள் எல்லாம் ஆடியில்தான் கழுத்தைப் பிடிக்கும். தையில் குடிபோகிறவர்களுக்கு மார்கழி அப்படி. ஊரே சும்மா இருக்கிற மாதம் எங்களுக்கு ராத்திரி வேலை.

எல்லாரும் பஞ்சாங்கம் பார்க்கிறவர்கள் என்று சொல்ல வரவில்லை. ரம்ஜானுக்கு முன்னால் என்பார்கள், கிறிஸ்துமஸுக்கு முன்னால் என்பார்கள். எப்படியும் ஒரு தேதி இருக்கும். தேதியே இல்லாமல் "மெதுவா பண்ணுங்க, அவசரமில்லை" என்று ஒருவர் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். அந்த வேலை முடியவே முடியாது.

இந்தக் காலண்டரோடு இன்னொரு காலண்டரும் ஓடுகிறது. அது வேலை செய்கிறவர்களுடையது. உள்ளூர்த் தச்சர்கள் ஆயுத பூஜைக்கு உளியையும் ரம்பத்தையும் கழுவிப் பொட்டு வைத்தால், கடையில் தீ பற்றினாலும் அன்றைக்கு எடுக்க மாட்டார்கள். ராஜஸ்தானிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்திருக்கிற தம்பிகளில் பலருக்கு செப்டம்பர் 17 வாக்கில் விஸ்வகர்மா பூஜை. அதே கருவி, அதே பொட்டு, வேறு தேதி. ஹோலிக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போய்விடுவார்கள். ரயிலில் 60 நாளுக்கு முன்னால் முன்பதிவு திறக்கும். அதனால் இப்போதெல்லாம் சைட்டுக்குப் போனால் நான் கேட்கிற முதல் கேள்வி, "டிக்கெட் போட்டாச்சா தம்பி?" போட்டாச்சு என்றால் அந்தத் தேதியை என் நோட்டில் எழுதிவிடுவேன். வேலை எப்போது முடியும் என்று கேட்டால் அவர் மரியாதைக்காக ஏதோ ஒரு நாளைச் சொல்வார். டிக்கெட் பொய் சொல்லாது.

போன வருஷம் என்ன நடந்தது என்றால், ஆவணியில் ஒரே முகூர்த்த நாளில் மூன்று வீடு. ஸ்ரீரங்கத்தில் ஒன்று, கே.கே. நகரில் ஒன்று, லால்குடிப் பக்கம் ஒன்று. மூன்று பேரும் மூன்று வெவ்வேறு மாதத்தில் வந்து தனித்தனியாகக் கேட்டார்கள். மூன்று பேரிடமும் "முடிச்சுரலாம்" என்று சொன்னது நான்தான். வேறு யாரைக் குறை சொல்ல? புரோகிதரைப் பாருங்கள், ஒரே நாளில் மூன்று வீடு வந்தால் ஒன்றுக்குத் தான் போவார், ஒன்றுக்குத் தம்பியை அனுப்புவார், இன்னொன்றுக்கு மருமகனை அனுப்புவார். எனக்கு அப்படி அனுப்ப ஆள் கிடையாது.

ஆசாரியாரின் ஆட்கள் போதாமல் ராஜஸ்தான் குழு ஒன்றை கே.கே. நகர் வீட்டுக்குப் போட்டேன். நல்ல கை. சொன்னால் சொன்னபடி செய்கிறவர்கள். சொன்னபடி என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கதை அதில்தான் இருக்கிறது.

இங்கே கொஞ்சம் அளவு பற்றிச் சொல்ல வேண்டும். நாம் எத்தனை அளவுகளோடு வாழ்கிறோம் என்று யோசித்திருக்கிறீர்களா? பூ முழத்தில், துணி மீட்டரில், மனை சென்ட்டில், நகை சவரனில். மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்தது 1956இல். ஆனாலும் பூக்காரம்மா முழத்தை விடவில்லை, யாரும் விடச் சொல்லவும் இல்லை. பிளைவுட் இருக்கிறதே, அது இந்தக் குழப்பத்தின் மொத்த உருவம். ஒரே பலகைதான். நீளம் எட்டு அடி, அகலம் நாலு அடி. தடிமன் மட்டும் 18 மில்லிமீட்டர். கடைக்காரரும் அப்படித்தான் சொல்வார், நாமும் அப்படித்தான் வாங்குவோம், யாருக்கும் விநோதமாகத் தோன்றாது. வரைபடம் நாங்கள் மில்லிமீட்டரில் போடுவோம். தச்சர் கையில் போனதும் அது இஞ்ச் ஆகிவிடும். இஞ்சுக்குக் கீழே நூல். ஒரு இஞ்சில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். மறுபடி சொல்கிறேன், ஒரு நூல் என்பது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். இது முக்கியம்.

கே.கே. நகர் வீட்டில் படுக்கை அறைச் சுவர் முழுக்க அலமாரி. பன்னிரண்டு கதவு. கதவுக்கும் கதவுக்கும் நடுவே இடைவெளி 3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு, பாதித் தூக்கத்தில், நானே ஒரு தாளில் எழுதி அனுப்பினேன். இடைவெளி 3. அவ்வளவுதான். 3 என்ன என்று எழுதவில்லை.

நாலு நாள் கழித்துப் போய்ப் பார்க்கிறேன். பன்னிரண்டு கதவும் மாட்டியாகிவிட்டது, லேமினேட் ஒட்டியாகிவிட்டது, சுத்தமான வேலை. ஆனால் ஒவ்வொரு கதவுக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழைகிறது. பால் பல் விழுந்த பிள்ளை வரிசையாகச் சிரிக்கிற மாதிரி இருந்தது. "எவ்வளவு விட்டீங்க தம்பி?" என்றேன். "தீன் சூத், மேடம்." தாளில் 3 இருக்கிறது, அவர் 3 விட்டிருக்கிறார். சூத் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. அவருக்கு மில்லிமீட்டர் தெரியும், ஆனால் தாளில் அது இல்லை.

ஆசாரியாரை வரச் சொன்னேன். அவருக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது. அந்தத் தம்பிக்குத் தமிழில் சாப்பாடு, தண்ணி, நாளைக்கு, இவ்வளவுதான். இரண்டு பேரும் பேசிக்கொண்டதைப் பார்க்க நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். ஆசாரியார் இடைவெளியைக் காட்டி, மூன்று விரல் நீட்டி, "மூணு நூலா?" என்கிறார். தம்பி "சூத், சூத்" என்கிறார். ஆசாரியார் பையிலிருந்து சாயம் தோய்த்த நூலை எடுத்தார். பலகையில் நேர்கோடு அடிக்க வைத்திருப்பார்கள் இல்லையா, அந்த நூல். அதைத் தூக்கிக் காட்டி "நூல்" என்றார். தம்பி முகம் மலர்ந்துவிட்டது. அதே நூலைத் தொட்டு, "சூத்!" என்றார்.

இந்தியில் சூத் என்றாலும் நூல்தானாம். அங்கேயும் எட்டில் ஒரு பங்கு இஞ்சுக்கு அதுதான் பெயராம். நம் தச்சர் நூல் என்கிறார், அந்த ஊர்த் தச்சர் அவர் மொழியில் நூல் என்கிறார், அளவும் ஒன்றே. சமஸ்கிருதத்தில் சூத்ரதாரன் என்றால் நாடகத்தை நடத்துகிறவன் மட்டும் இல்லை, தச்சனுக்கும் அந்தப் பெயர் உண்டு. நூலைப் பிடிக்கிறவன். நாமும் நேராக இருந்தால் "நூல் பிடித்த மாதிரி" என்றுதானே சொல்கிறோம். இத்தனை பேர் நூல் பிடித்துக்கொண்டிருந்த இடத்தில் மில்லிமீட்டர் பிடித்தவள் நான் ஒருத்திதான், அதையும் எழுத மறந்துவிட்டேன்.

சரி, அலமாரி என்ன ஆயிற்று? கதவைக் கழற்றிப் புதிதாகச் செய்ய நாளில்லை, பலகை வாங்கப் பணமும் அந்த வாரம் இல்லை. ஆசாரியார் வெற்றிலையை மென்றுகொண்டே கொஞ்ச நேரம் நின்றார். "கதவுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு நூல் தேக்கு வச்சு ஒட்டிருவோம்மா" என்றார். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று நூல் இடைவெளி. இந்தக் கதவிலிருந்து ஒரு நூல், பக்கத்துக் கதவிலிருந்து ஒரு நூல். மிச்சம் ஒரு நூல். அதாவது 3 மில்லிமீட்டர், நான் கேட்டது. பன்னிரண்டு கதவுக்கும் மெல்லிய தேக்குக் கரை வந்தது, பட்டுப்புடவைக்குக் கரை மாதிரி. பால் காய்ச்சிய அன்றைக்கு வந்தவர்கள் எல்லாம் அந்தக் கரையைத்தான் தடவிப் பார்த்தார்கள். வீட்டுக்காரம்மாவிடம் ஒரு வாரம் கழித்து உண்மையைச் சொன்னேன். சிரித்தார். அடுத்து வந்த வாடிக்கையாளர் அதே கரை வேண்டும் என்று கேட்டபோது, கூடுதலாகத்தான் பில் போட்டேன், அதையும் மறைக்கவில்லை.

நூல் கதை நீண்டுவிட்டது. எங்கே சொன்னாலும் நீளும். அளவில் சொல்ல வேண்டிய இன்னொன்று, வீட்டிலிருந்து கேட்கிற பெண்களுக்காக. சமையல் மேடை. இப்போது கம்பெனியில் தயாராகி வருகிற மேடைகள் பெரும்பாலும் 34 இஞ்ச் உயரம். என் மாமியார் நாலடி ஒன்பது அங்குலம். எங்கள் வீட்டிலேயே, நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், 34 இஞ்ச் மேடை போட்டேன். கிரைண்டரிலிருந்து மாவை வழிக்க அவர் ஒரு மணைக்கட்டையைப் போட்டு ஏறி நிற்பார். ஒரு நாளும் குறை சொல்லவில்லை. மணையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத்தான் சுருக்கென்று இருக்கும்.

முழம் என்பது என்ன? முழங்கையிலிருந்து விரல் நுனி வரை. ஆளுக்கு ஆள் மாறும். மேடையும் அப்படித்தான். நிமிர்ந்து நின்று, கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து, அதில் நாலைந்து இஞ்ச் கழியுங்கள். அது உங்கள் மேடை. மாமியார் கணக்குப்படி 31 இஞ்சில் நின்றிருக்க வேண்டும். கிரைண்டர் வைக்கிற இடத்தை இன்னும் கொஞ்சம் தாழ்த்தலாம். செக் எழுதுகிறவரை யாரும் அளக்க வேண்டாம், சமைக்கிறவரை அளந்தால் போதும். சில வீட்டில் இரண்டும் ஒரே ஆள், சில வீட்டில் சமைக்கிற அம்மாள் சம்பளத்துக்கு வருகிறவர். அவரையும் கூப்பிட்டு நிறுத்தித்தான் அளக்கிறேன். முழங்கையிலிருந்து நாலைந்து இஞ்ச் கீழே. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மூன்று விரல் காட்டுகிறார்கள். மூன்று நூல் இல்லை, மூன்று நிமிஷம்.

தேதிக்குத் திரும்பி ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த ஆவணிக்கு அப்புறம் நான் ஒரு தேதி கேட்பதை விட்டுவிட்டேன். இரண்டு தேதி கேட்கிறேன். பால் காய்ச்சுகிற தேதி எது, குடி வருகிற தேதி எது? கேட்டால்தான் தெரிகிறது, முக்கால்வாசிப் பேர் பாலைக் காய்ச்சிவிட்டுப் பிள்ளைகள் பரீட்சை முடிந்துதான் வருவார்கள், இல்லை வாடகை வீட்டு அட்வான்ஸ் கழிந்துதான் வருவார்கள். பால் காய்ச்ச ஒரு அடுப்பு, விளக்கேற்ற ஒரு மாடம், வந்தவர்கள் உட்காரத் துடைத்த தரை, கதவுக்குப் பூட்டு, குழாயில் தண்ணீர். இது போதும். பரணுக்குக் கதவும் டிவி பின்னால் பலகையும் ஒரு மாதம் கழித்து வந்தால் என்ன குடி முழுகிப்போகும்? முக்கியமாகப் பாலிஷ் வேலை. ஐப்பசி மழையில் ஈரக் காற்றில் பாலிஷ் அடித்தால் மரம் பனி மூடியது போல வெளுத்துப் போகும். இரண்டாவது தேதி இருந்தால் வெயிலுக்குக் காத்திருக்கலாம். அந்த ஆவணியை அடுத்து வந்த தை மாதத்துக்கு நாலு வீடு வந்தது, நாலையும் எடுத்தேன், இந்த இரண்டு தேதியை வைத்துத்தான் சமாளித்தேன்.

பணம் பற்றி மூன்று பக்கம் எழுதி வந்திருக்கிறேன், நேரம் இல்லை. வேகமாக. எங்கள் பில்லுக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. பில் போட்டுவிட்டால், வாடிக்கையாளர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், மறு மாதம் 20ஆம் தேதி நாங்கள் கட்டியாக வேண்டும். அதனால் வேலை முடிந்த பகுதிக்கு மட்டும் பில். அப்புறம், ஒரு வீட்டு அட்வான்ஸில் இன்னொரு வீட்டுக்குப் பலகை வாங்குவது. போன ஆவணியில் நானும் செய்தேன். வங்கிக்காரர் இப்போது வீட்டுக்கு ஒரு நோட்டு போட்டுவிட்டார். ஒரு நோட்டிலிருந்து இன்னொரு நோட்டுக்குப் பணம் போனால் சிவப்பு மையில் எழுதி, என் மேஜையில் திறந்து வைத்துவிட்டுப் போவார். கடைசிப் பத்து சதவீதத்தை வாங்குவது எப்படி என்று ஒரு பக்கம் இருக்கிறது, அதை

ஒரு விரல் காட்டிவிட்டார்கள். அதைப் படிக்க முடியாது. சாயங்காலம் உறையூரில் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போகிறேன். அங்கே ஒரு பாட்டி இருக்கிறாராம், எழுபத்தெட்டு வயது, இன்னும் அவர்தான் சமையலாம். முதலில் அவர் முழங்கை.

வணக்கம்.