பால்கனியை அடைக்காதீர்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். ஓர் உள்ளக வடிவமைப்பாளரின் பாணி என்ன, அவருக்கு முன்னோடிகள் யார், அவர் இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தார் என்று பேசும்படி தயாரிப்பாளர் கேட்டிருக்கிறார். மூன்றையும் பேசுகிறேன். ஆனால் நடுவில் பால்கனி வந்துவிடும். என்னைத் தெரிந்தவர்கள் இப்போதே சிரிக்கத் தொடங்கியிருப்பார்கள்.

தொழிலுக்கு வந்த கதையைச் சுருக்கிவிடலாம். கொழும்பில் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை கணக்கில் கொஞ்சம் கெட்டிக்காரியாக இருந்தால் அவளை எந்தப் படிப்புக்கு அனுப்புவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நானும் கணக்காளர் படிப்புப் படித்தேன். கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தேன். அங்கிருந்து மொறட்டுவையில் ஒரு தளபாடப் பட்டறைக்கு, மரக் கையிருப்பை எண்ணிவரச் சொல்லி அனுப்பினார்கள். முதிரை, தேக்கு, பலா என்று எண்ண வேண்டியவற்றை எண்ணி முடித்த பிறகும் எனக்கு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. அங்கே ஒரு சிங்களப் பெரியவர், எல்லோரும் அவரை பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள், ஆணி ஒன்றும் இல்லாமல் மரத்தை மரத்தோடு கோர்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற என்னிடம், "மகளே, கதிரை வாங்கப் போனால் முதலில் அதைத் தலைகீழாகப் புரட்டிப் பார்" என்றார். மேலே பொலிஷ் போட்டு எதையும் மறைக்கலாம். அடியில் யாரும் பொலிஷ் போடுவதில்லை. மூட்டுகள் எப்படி இருக்கின்றன, எந்த மரத்தை எங்கே ஒளித்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அடியில்தான் தெரியும். இன்றைக்கும் கடைக்குப் போனால் கதிரையைப் புரட்டுகிறேன். விற்பனையாளர்களுக்கு அது பிடிப்பதில்லை.

பிறகு வேலையை விட்டேன், வடிவமைப்புப் படித்தேன், அம்மா சில காலம் என்னோடு பேசவில்லை. கணக்குப் படிப்பு வீண்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் சண்டை வருவது நிறத்தைப் பற்றியல்ல, கடைசி பில்லைப் பற்றித்தான்.

முன்னோடிகள் என்றவுடன் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் பெயரைச் சொல்லாமல் கொழும்பில் யாரும் தப்ப முடியாது. அவர் வடிவமைத்த, கோட்டேயில் 1982 இல் திறக்கப்பட்ட நாடாளுமன்றம், பேரை வாவியில் மிதப்பதுபோல் நிற்கும் சீமா மாலகய என்ற பௌத்த வழிபாட்டிடம் இரண்டையும் அறியாதவர்கள் இல்லை. அவர் முதலில் வழக்கறிஞர். கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றது 1957 இல். அப்போது அவருக்கு 38 வயது. வேறொரு தொழிலில் இருந்துகொண்டு இதற்கு வர நினைத்து, இனிமேல் எங்கே என்று பெருமூச்சு விடுகிறவர்கள் அந்த வயதை ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

நம்மவர்கள் அதிகம் பேசாத ஒரு பெயரையும் சொல்கிறேன்: பொறியியலாளர் பூலோகசுந்தரம். பாவாவின் நிறுவனத்தில் பங்காளராக இருந்தவர். காகிதத்தில் அழகாக இருக்கிற கூரை மழையிலும் நிற்க வேண்டுமே, அந்தக் கணக்கைப் பார்த்தவர். பாவாவைப் புகழ்கிற கூட்டங்களில் இந்தப் பெயரையும் ஒருமுறை உரக்கச் சொல்ல வேண்டும் என்பது எனக்கு நீண்டநாள் ஆசை. இன்று வானொலியில் சொல்லிவிட்டேன்.

கண்டியில் மினெட் டி சில்வா என்ற கட்டடக்கலைஞர் அம்மையார், பாவாவுக்கும் முன்னரே, தும்பறைப் பகுதியின் பாய் நெசவையும் ஊர்க் கைவினைஞரின் வேலைப்பாட்டையும் நவீன வீட்டுக்குள் கொண்டுவந்தார். அவரைப் பற்றித் தனி உரையே வேண்டும். இன்று எனக்குத் தேவைப்படுவது வேறொரு வீடு.

1960களின் தொடக்கத்தில் எனா டி சில்வா என்ற பத்திக் (மெழுகிட்டுத் துணிக்குச் சாயமேற்றும்) கலைஞருக்காகப் பாவா கொழும்பில் கட்டிய வீடு அது. இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலம். கண்ணாடி கிடைப்பது கஷ்டம், இரும்பு கிடைப்பது கஷ்டம். ஆகவே கண்ணாடியை நம்பாமல் நடுவில் முற்றம் வைத்து, சுற்றி விறாந்தை வைத்து, ஓட்டுக் கூரையும் மரமும் கல்லுமாக முடித்தார்கள். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் வளர்ந்தவர்கள் இதைக் கேட்டால், "இதில் என்ன புதினம், எங்கள் அம்மம்மா வீடும் இப்படித்தானே" என்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். பள்ளிக்கூட விடுமுறைக்கு அம்மம்மா வீட்டுக்குப் போனால், மழை நடு முற்றத்தில் விழும், நாங்கள் நனையாமல் நான்கு பக்கமும் ஓடுவோம். மின்விசிறி இல்லாத வீடு. யாரும் புழுங்குகிறது என்று சொன்னதாக நினைவில்லை. பின்னாளில் எனாவின் வீடு இருந்த காணி கைமாறியபோது, கல்லையும் மரத்தையும் இலக்கமிட்டுக் கழற்றி, பெந்தோட்டைக்குப் பக்கத்தில் பாவாவின் தோட்ட வீடான லுணுகங்கவில் மறுபடி கட்டினார்கள். முடிந்தால் போய்ப் பாருங்கள். கூரையைப் பார்க்காமல் காற்றைப் பாருங்கள்.

ஆம், காற்று. இனி பால்கனிக்கு வருகிறேன்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை எதிலாவது நின்று அண்ணாந்து பாருங்கள். தொடர்மாடிகளில் பால்கனிக்குப் பால்கனி கண்ணாடி போட்டு அடைத்திருப்பார்கள். உள்ளே நாள் முழுவதும் குளிரூட்டி. அந்தப் பக்கம் மேற்கு. பிற்பகல் வெயில் கண்ணாடியில் நேராக அடித்து உள்ளே வருகிறது, வெப்பம் வெளியே போக வழியில்லை. முன்பகலில் தொடங்கி மாலை வரை கடற்காற்று இலவசமாக வீசுகிறது. அதை வெளியே நிறுத்திவிட்டு மின்சாரத்துக்குப் பணம் கட்டுகிறோம்.

அந்தத் தொடர்மாடிகளில் ஒன்றில் ஒரு வீட்டு வேலை எனக்கு வந்தது. மகன் ரொறன்ரோவில், வீட்டை வாங்கியதும் அவர்தான். இங்கே இருப்பது அம்மாவும் அப்பாவும். மகன் படங்களாக அனுப்பிக்கொண்டிருந்தார். சாம்பல் நிறச் சுவர், சாம்பல் நிறத் தரை, தாழ்வான சோபா, பால்கனி முழுக்கக் கண்ணாடி. "அக்கா, எனக்கு இப்படியே வேண்டும்" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அளவெடுக்கப் போன ஒரு பிற்பகல், அம்மா வீட்டில் இல்லை. தேடினால், லிஃப்டுக்கு முன்னால் பொதுவழியில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு அதில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். "ஏன் அம்மா இங்கே?" என்றேன். "இங்கேதான் பிள்ளை காற்று வருகிறது. ஆட்களும் வருகிறார்கள்" என்றார்.

நேயர்களே, அந்தப் பதிலில் எனக்கு வேண்டிய முழு வரைபடமும் இருந்தது.

மகனோடு வாதாடி வெல்ல முடியாது, பணம் அவருடையது. ஆகவே வீடியோ அழைப்பில் ஒரு சோதனை செய்து காட்டினேன். நீங்களும் இன்றைக்கே செய்யலாம். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி, பால்கனி வாசலில் பிடியுங்கள். வீட்டின் முன்கதவு பூட்டியிருந்தால் புகை நேராக மேலே போகும், அல்லது அங்கேயே சுற்றும். இப்போது முன்கதவைத் திறக்கச் சொல்லுங்கள். புகை அப்படியே படுத்து, வீட்டுக்குள் ஓடும். காற்று உள்ளே வர யன்னல் மட்டும் போதாது; அது வெளியே போகவும் எதிர்ப்பக்கம் வழி வேண்டும். கொழும்பின் பழைய வீடுகளில் கதவுக்கு மேலே மரத்தில் பூவேலை வெட்டித் துளைகள் விட்டிருப்பார்களே, அது அழகுக்கு மட்டும் வைத்ததல்ல. கதவைச் சாத்தினாலும் காற்று போக வேண்டும் என்று வைத்தது. தொடர்மாடியில் அந்தத் துளையும் இல்லை, முன்கதவையும் எந்நேரமும் பூட்டியே வைத்திருக்கிறோம்.

புகை படுப்பதை மகன் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அம்மாவிடம் கேட்டுச் செய்யுங்கள் அக்கா" என்றார்.

முன்கதவுக்கு வெளிப்புறம் பூட்டக்கூடிய ஒரு கம்பிக் கதவு போட்டோம். பகலில் மரக்கதவு திறந்தே இருக்கலாம். பால்கனிக்குக் கண்ணாடி இல்லை. மழைக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். தென்மேல் பருவமழை அந்தப் பக்கம் சாய்ந்து அடிக்கும், உண்மை. சுருட்டி ஏற்றி இறக்குகிற மூங்கில் தட்டி இருக்கிறது. நுளம்புக்கு வலை இருக்கிறது. டெங்குக் காலத்தில் அதைக் கட்டாயம் போடுங்கள். காகத்துக்கு அதே வலை. ரயில் சத்தத்துக்கு என்னிடம் மருந்தில்லை. கரையோரப் பாதை அருகே வீடு வாங்கினால் அதையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். கடலுப்பில் இரும்பு துருப்பிடிக்கும் என்பதால் பிணைச்சலும் கொளுக்கியும் பித்தளையில் போட்டோம்.

பால்கனியின் நீளத்துக்கு ஒரு திண்ணை கட்டினோம். சிவப்புச் சீமெந்து, நன்றாக மெருகேற்றியது. 2020 இல் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, வெளிநாட்டுத் தரை ஓடு இல்லாமல் வீடு கட்டவே முடியாது என்று பலர் தவித்தார்கள். அந்தக் காலத்தில் நான் திரும்பப் பிடித்துக்கொண்டது இந்தச் சிவப்புத் தரையை. தேங்காய் மட்டையால் தேய்த்துப் பளபளப்பாக்கிய தரையில் உங்களில் பலர் சிறுவயதில் வழுக்கி விளையாடியிருப்பீர்கள். திண்ணையின் உயரம் 18 அங்குலம். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது வருகிற சோபாக்கள் பதிந்து கிடக்கின்றன; முழங்கால் வலி உள்ளவர்கள் உட்கார்ந்தால் எழும்ப இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். வயதானவர் இருக்கிற வீட்டில், அவர் தனியே எழும்பக்கூடிய ஒரு இருக்கையாவது வேண்டும். அம்மா இப்போது கீரை ஆய்வது அங்கேதான். எதிர்வீட்டு அம்மாவும் கம்பிக் கதவைத் திறந்துகொண்டு வந்துவிடுகிறாராம். குளிரூட்டி ஒரு படுக்கையறையில் இருக்கிறது. நான் அதற்கு எதிரியல்ல. முழு வீட்டையும் போத்தலில் அடைப்பதற்குத்தான் எதிரி.

உங்கள் பாணி என்ன என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இந்த வீடுதான். முதலில் காற்று, அடுத்தது யார் எங்கே இருப்பார்கள் என்பது, நிறம் கடைசி. ஆட்கள் வந்து முதலில் நிறத்தைத்தான் கேட்கிறார்கள். சாம்பல் நிறத்தைப் பற்றிக் கேட்டால் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசிவிடுவேன், ஆகவே விட்டுவிடுகிறேன்.

கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். குசினி, சாமி அறை, விளக்கு மூன்றும் மிச்சம் இருக்கின்றன. ஓட்டமாகச் சொல்கிறேன்.

திறந்த குசினி படத்தில் அழகு. மீன் பொரிக்கிற வீட்டில் ஒரு வாரத்தில் திரைச்சீலை முழுவதும் மீன் மணக்கும்; நடுவில் ஒரு தள்ளு கதவாவது வையுங்கள். கழுவு தொட்டிக்குக் கீழே மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகை வேண்டாம். ஈரம் பட்டால் ஊதிவிடும்.

சாமி அறை இல்லாத தொடர்மாடியில் அலுமாரிக்குள் சாமியை வைக்கிறோம். வையுங்கள், ஆனால் விளக்குச் சுவாலைக்கு மேலே பலகை வரக்கூடாது. கீழே ஒரு கல் துண்டு, பின்னால் ஒரு பித்தளைத் தகடு. அது தீப்பிடிக்காமல் இருக்கவும் உதவும், கர்ப்பூரக் கரியைத் துடைக்கவும் உதவும்.

விளக்கைப் பற்றித்தான் அதிகம் பேச நினைத்து வந்தேன். பல்பு வாங்கும்போது பெட்டியில் கெல்வின் என்று ஓர் எண் இருக்கும். 6500 என்றால் வெள்ளை வெளிச்சம். சமையல் மேசைக்கும் பிள்ளைகள் படிக்கிற மேசைக்கும் வாங்குங்கள். ஆட்கள் கூடி இருக்கிற இடத்துக்கும் படுக்கையறைக்கும் 3000 அல்லது அதற்குக் கீழே. நடுக்கூரையில் ஒன்றை மட்டும் எரியவிடாமல், பக்கவாட்டில் தாழ்வாக இரண்டு... சரி, சரி, முடித்துவிட்டேன். இந்தத் தொழிலைப் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்குச் சொல்ல வைத்திருந்ததை இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். இப்போதைக்கு, எங்கே போனாலும் கதிரையைப் புரட்டிப் பாருங்கள். நன்றி, வணக்கம்.