பௌத்தத்தைக் கற்கப் புகுவோருக்கு

அவைத் தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

பௌத்தத்தை அறிய விரும்புகிறவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது இன்று எனக்குத் தரப்பட்டிருக்கும் பொருள். இந்தக் கேள்வியோடு வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே களைத்துப்போய்த்தான் வருகிறார்கள். தேரவாதம், மகாயானம், வச்சிரயானம், ஜென் ஆகிய பௌத்தப் பிரிவுகளுள் எது மூலம், எது திரிபு என்ற வழக்கில் சிலர் சிக்கிக்கொள்கிறார்கள். ஆன்மா இல்லையென்றால் மறுபடி பிறப்பது எது என்ற கேள்வியில் சிலர் முதல் நாளே முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பத்து நாள் மௌனத் தியான முகாமுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாளே மூட்டை கட்டியவர்களும் உண்டு. இவர்களில் எவருக்கும் அக்கறை குறைவில்லை. கோளாறு வரிசையில்தான் இருக்கிறது. புதிதாக வருகிறவருக்கு எதை முன்னே சொல்வது, எதைப் பின்னே சொல்வது என்பதற்குப் பௌத்தத்தில் ஒரு முறை உண்டு. அந்த முறை புத்தருடையதே என்று பாலி நூல்கள் காட்டுகின்றன.

துறவிகளின் ஒழுக்க விதிகளைக் கூறும் பாலி நூலான வினய பிடகத்தில் யசன் என்ற இளைஞனின் வரலாறு வருகிறது. காசி நகரத்துச் செல்வர் ஒருவரின் மகனான அவன், நள்ளிரவில் விழித்து, தன்னைச் சுற்றி அலங்கோலமாகத் தூங்கிக் கிடந்த இசைமகளிரைப் பார்த்து வெறுப்புற்று, "எத்தனை துன்பம், எத்தனை இடர்" என்று புலம்பியபடி வீட்டை விட்டு வெளியேறி, இசிபதனத்து மான் சோலைக்கு வந்து சேர்கிறான். விடியற்காலையில் உலவிக்கொண்டிருந்த புத்தர், இங்கே துன்பமும் இல்லை, இடரும் இல்லை, வந்து உட்கார் என்கிறார். யசன் பொற்செருப்பைக் கழற்றிவிட்டு அமர்கிறான். துன்பம் என்று அரற்றிக்கொண்டே வந்தவனிடம் துன்பம், அதன் காரணம், அதன் ஒழிவு, ஒழிவுக்கான வழி என்னும் நான்கு வாய்மைகளை உடனே எடுத்துச் சொல்லியிருக்கலாம் அல்லவா? அவர் அப்படிச் செய்யவில்லை. முதலில் ஈகையைப் பற்றிப் பேசுகிறார். பிறகு ஒழுக்கம், அதன் பயனாகக் கிடைக்கும் நற்கதி, புலனின்பத்தின் குறை, துறவின் மேன்மை என்று படிப்படியாகப் போகிறார். கேட்பவனின் உள்ளம் இளகித் தெளிந்துவிட்டது என்று கண்ட பிறகே நான்கு வாய்மைகளுக்கு வருகிறார். கறை நீங்கிய துணி சாயத்தை நன்றாக ஏற்பதுபோல அவன் அதை ஏற்றான் என்கிறது நூல்.

இன்றைய அறிமுக நூல்கள் பெரும்பாலும் நான்கு வாய்மைகளில்தான் தொடங்குகின்றன. புத்தரின் முதற் பேருரை அதுதானே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அந்த உரையைக் கேட்டவர்கள் கொண்டஞ்ஞன் முதலான ஐந்து துறவிகள். வீட்டைத் துறந்து கடுந்தவம் செய்து பழகியவர்கள் அவர்கள். அலுவலகம் முடிந்து வந்து சாய்வு நாற்காலியில் புத்தகத்தைப் பிரிக்கும் நமக்கு யசனுக்குச் சொன்ன வரிசையே பொருந்தும் என்பது என் கருத்து.

இதே வரிசையைத் தமிழில் ஒரு காப்பியமே நடத்திக் காட்டியிருக்கிறது. மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்ததும் பௌத்தத் துறவியான அறவண அடிகள் அவளுக்குத் தத்துவப் பாடம் எடுக்கவில்லை. மக்களுக்கும் தேவர்க்கும் ஒக்கப் பொருந்தும் ஓர் அறம் பசிப்பிணி தீர்த்தல் என்று சொல்கிறார். அவள் புகாரில் பசித்தோருக்குச் சோறிடுகிறாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குகிறாள், வஞ்சியில் பல சமயத்தாரின் கொள்கைகளையும் கேட்டறிகிறாள். பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்று ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் பன்னிரு சார்புகளையும் அவள் விரிவாகக் கேட்பது, காஞ்சியில் நிகழும் 30ஆவது காதையில், அதாவது கடைசிக் காதையில்தான்.

அப்படியானால் தொடக்கத்தில் எதைப் படிப்பது? பலரும் தம்மபதத்தைக் கையில் கொடுப்பார்கள். 26 வர்க்கங்களில் 423 பாடல்கள் கொண்ட அருமையான நூல் அது. ஆயினும் யாருக்கு, எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்று தெரியாமல் படிக்கும்போது, நாட்காட்டித் தாளில் அச்சிடும் பொன்மொழிகளாக அது சுருங்கிவிடுகிறது. உரையாடல் வடிவில் உள்ள சில சூத்திரங்களை முதலில் படிப்பது நல்லது என்பேன்.

கேசபுத்தம் என்ற ஊரில் காலாமர்களிடம் புத்தர் பேசியது அவற்றுள் ஒன்று. புத்தரின் உரைகளைத் தொகுத்த நிகாயங்கள் என்னும் பாலி நூல்களுள் ஒன்றான அங்குத்தர நிகாயத்தில் இருக்கிறது. பலவகைத் துறவிகளும் எங்கள் ஊருக்கு வருகிறார்கள், தம் கொள்கையை உயர்த்தியும் பிறர் கொள்கையைப் பழித்தும் பேசிவிட்டுப் போகிறார்கள், யார் சொல்வது மெய் என்று தெரியவில்லை என்று காலாமர்கள் முறையிடுகிறார்கள். ஐயத்திற்குரிய இடத்தில் ஐயம் எழுந்தது தகும் என்று சொல்லிவிட்டு, புத்தர் பத்துக் காரணங்களை விலக்குகிறார். வழிவழியாகக் கேட்டது, மரபு, ஊர்ப்பேச்சு, நூலில் இருப்பது என்பவற்றோடு அந்தப் பட்டியல் முடிந்திருந்தால் நம் பகுத்தறிவு மேடைகளுக்கு மிகவும் வசதியாக இருந்திருக்கும். வெறும் தருக்கம், ஊகம், தன் கொள்கையோடு ஒத்துப்போவது, சொல்பவரின் தகுதித் தோற்றம் ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இவர் எம் குரு என்பதும் காரணமாகாது. என் அறிவுக்குப் பட்டது என்பதும் தனித்து நின்றால் காரணமாகாது.

எதையும் நம்பாதே என்று புத்தர் சொன்னதாக முகநூலில் ஒரு படம் அடிக்கடி வலம் வருகிறது. அதை உருவாக்கியவர் சூத்திரத்தின் முன்பாதியோடு நிறுத்திக்கொண்டார். பின்பாதியில் புத்தர் கேட்கத் தொடங்குகிறார். ஒருவர் மனத்தில் பேராசை எழுந்தால் அது அவருக்கு நன்மையா, தீமையா? தீமை என்கிறார்கள் காலாமர்கள். அந்தப் பேராசைக்கு ஆட்பட்டவர் கொல்கிறார், களவு செய்கிறார், பிறர் மனை நாடுகிறார், பொய் சொல்கிறார், மற்றவரையும் அவ்வழியில் தூண்டுகிறார் அல்லவா? ஆம் என்கிறார்கள். வெறுப்பையும் மயக்கத்தையும் பற்றி இவ்வாறே கேட்கிறார். இவை தீயவை, அறிவோர் பழிப்பவை, மேற்கொண்டால் துன்பத்தில் கொண்டுபோய் விடுபவை என்று நீங்களே அறியும்போது விட்டுவிடுங்கள் என்பது அவர் தரும் அளவுகோல். அதில் நம் சொந்த அனுபவத்திற்கும் இடம் உண்டு, அறிவோர் கருத்துக்கும் இடம் உண்டு. நம் விருப்பு வெறுப்புக்கு மட்டும் இடமில்லை.

மறுபிறவிக் கேள்வியில் முட்டி நிற்பவர்கள் இதே சூத்திரத்தின் இறுதிப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும். பகையற்ற, தூய உள்ளம் உடையவருக்கு இம்மையிலேயே ஆறுதல்கள் உண்டு என்று அங்கே சொல்லப்படுகிறது. மறுமை உண்டு, வினைக்குப் பயன் உண்டு என்றால் இறந்தபின் நற்கதி அடைவேன். மறுமையும் வினைப்பயனும் இல்லையென்றால் இங்கேயே பகையின்றி, இடரின்றி நலமாக வாழ்கிறேன் என்பது அதன் போக்கு. மறுபிறவிக் கொள்கையைப் புத்தர் கைவிட்டுவிட்டார் என்று இதற்குப் பொருளல்ல. மற்றச் சூத்திரங்கள் பலவற்றில் அதை அவர் ஐயத்துக்கு இடமின்றிப் பேசுகிறார். ஆனால் அந்தக் கேள்வி தீர்ந்தால்தான் உள்ளே வர முடியும் என்று வாயிலை அடைத்து வைக்கவில்லை.

இரண்டாவதாக, மஜ்ஜிம நிகாயத்தின் 61ஆவது சூத்திரம். இது தம் மகன் இராகுலனுக்கு அவர் சொன்னது. தந்தை வருவதைக் கண்ட இராகுலன் இருக்கை போட்டு, கால் கழுவத் தண்ணீர் வைக்கிறான். புத்தர் கால் கழுவியபின் கலத்தில் சிறிது நீரை மிச்சம் வைத்து, இதைப் பார்க்கிறாயா என்று கேட்கிறார். அறிந்தே பொய் சொல்ல வெட்கப்படாதவனின் துறவுத்தன்மை இவ்வளவு சிறியது என்கிறார். அந்த நீரையும் வெளியே கொட்டுகிறார். பிறகு கலத்தைக் கவிழ்க்கிறார். பிறகு நிமிர்த்தி, உள்ளே ஒன்றுமில்லாத கலத்தைக் காட்டுகிறார். ஒவ்வொன்றிலும் அதே பாடம்தான். விளையாட்டுக்காகக்கூடப் பொய் சொல்லமாட்டேன் என்று பழகு என்று சொல்லிவிட்டு, கண்ணாடி எதற்காக என்று கேட்கிறார். பார்ப்பதற்கு என்கிறான் இராகுலன். அதுபோல ஒவ்வொரு செயலையும் செய்யும் முன்பும், செய்யும்போதும், செய்த பின்பும் பார்க்க வேண்டும். எனக்கோ பிறர்க்கோ இருவர்க்குமோ இது தீங்கு தருமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். உடலாலோ சொல்லாலோ தீங்கு நேர்ந்துவிட்டால் ஆசிரியரிடமோ அறிவுடைய தோழரிடமோ அதை வெளிப்படையாகச் சொல்லி, இனிச் செய்யாதபடி அடக்கம் கொள்ள வேண்டும் என்கிறார். தியானம் பழக விரும்பும் தொடக்கநிலையாளர் கண்ணை மூடி உட்காரும் முன் ஒரு மாத காலம் இதைச் செய்து பார்க்கலாம். மின்னஞ்சல் அனுப்பும் முன், அனுப்பிய பின் என்று வைத்துக்கொண்டாலே போதும். வேலை எவ்வளவு கடினம் என்பது விளங்கிவிடும்.

பஞ்சசீலம் இங்கேதான் வருகிறது. கொல்லாமை, கள்ளாமை, பிழையான காமத்தைத் தவிர்த்தல், பொய்யாமை, மது முதலான மயக்கப் பொருள்களை விலக்குதல் ஆகிய ஐந்தும் மேலிருந்து இடப்பட்ட கட்டளைகளல்ல. இந்தப் பயிற்சியை மேற்கொள்கிறேன் என்று ஒருவர் தாமாகவே ஏற்பவை. தவறினால் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, தீக நிகாயத்தின் 31ஆவது சூத்திரம். இராசகிருகத்தில் சிங்காலகன் என்ற இல்லறத்தான் விடிகாலையில் ஈரத் துணியும் ஈரத் தலையுமாக ஆறு திசைகளையும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறான். இறந்துபோன தந்தையின் சொல்லைக் காப்பாற்றுகிறான். திசைகளை வணங்க வேண்டிய முறை இதுவல்ல என்று புத்தர் விளக்குகிறார். கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், கீழ்த்திசை வேலை செய்வோர், மேல்திசை துறவோர். கீழ்த்திசைக்கு முதலாளி செய்ய வேண்டியவை ஐந்து: வலிமைக்கேற்ற வேலை தருவது, உணவும் கூலியும் கொடுப்பது, நோயுற்றால் பார்த்துக்கொள்வது, அரிய சுவையான பண்டம் வந்தால் பகிர்வது, உரிய நேரத்தில் ஓய்வு விடுவது. நிர்வாணத்தைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிக்கும் நம்மில் எத்தனை பேர் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்ட நாள்களுக்குச் சம்பளம் பிடிக்காமல் கொடுக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இவற்றைப் படித்துப் பழகியவர் நான்கு வாய்மைகளுக்கு வரும்போது அவை புதிதாக இருக்கமாட்டா. ஆசை எழுவதையும் அது செயலைத் தள்ளிக்கொண்டு போவதையும் அவர் தம்மிடமே பார்த்திருப்பார். முதற் பேருரை ஒவ்வொரு வாய்மைக்கும் ஒரு வேலையைச் சொல்கிறது: துன்பம் முழுதாக அறிய வேண்டியது, அதன் காரணம் விடவேண்டியது, அதன் ஒழிவு நேரில் காணவேண்டியது, வழி வளர்க்கவேண்டியது. பௌத்தம் அழுமூஞ்சிக் கொள்கை என்று சொல்கிறவர்கள் முதல் வாய்மையோடு புத்தகத்தை மூடியவர்கள்.

இதற்கெல்லாம் மதம் மாற வேண்டுமா என்ற கேள்வி எப்போதும் எழும். நாலந்தாவைச் சேர்ந்த உபாலி என்ற செல்வர் நிகண்டரின், அதாவது சமண முனிவரின், முதன்மை ஆதரவாளர். புத்தரை வாதத்தில் வெல்லவே வந்தவர். வாதத்தின் முடிவில் உம்மைச் சரணடைகிறேன் என்று அவர் சொன்னபோது, நன்றாக ஆராய்ந்து செய், உன்னைப் போல் ஊரறிந்தவர் ஆராய்ந்து செய்வதே நல்லது என்றார் புத்தர். நெடுங்காலமாக உன் வீடு நிகண்டருக்கு ஊருணிபோல இருந்திருக்கிறது, அவர்கள் வந்தால் உணவிட வேண்டும் என்பதை மறந்துவிடாதே என்றும் சொன்னார்.

சாதிக் கொடுமையிலிருந்து வெளியேறும் வழியாகத் தம்மத்தைக் கண்டவர்களுக்கு மதமாற்றமே முதல் அடி என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அயோத்திதாசப் பண்டிதருக்கும், அம்பேத்கருடன் பௌத்தம் ஏற்க நாக்பூரில் திரண்ட மக்களுக்கும் அது நூலறிவு பற்றிய கேள்வியாக மட்டும் இருந்ததில்லை. ஆனால் அவர்களுக்குத் தலைமை தாங்கியவர்கள் ஆராயாமல் போனவர்களும் அல்லர். இந்துவாகச் சாகமாட்டேன் என்று அம்பேத்கர் இயோலாவில் அறிவித்தது 1935 அக்டோபரில். புத்தர், தம்மம், சங்கம் ஆகிய மூன்றையும் சரணடையும் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றது 1956 அக்டோபர் 14இல். இடைப்பட்ட 21 ஆண்டுகளும் அவர் படித்துக்கொண்டிருந்தார்.