பழைய கெப்புக்கு முதலில் பிரேக், பவர் கடைசியில்

வணக்கம் நேயர்களே. வீட்டு வாசலில் ஒரு பழைய டீசல் கெப், அதாவது பிக்கப் வண்டி, நிற்கிறது, விற்கவும் மனமில்லை, கராஜில் விட்டு முழுதாகச் செய்விக்கக் காசும் இல்லை, நாமே சனி ஞாயிறுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் என்ன என்று யோசிப்பவர்களோடுதான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த இடைவெளியில் பழைய டொயோட்டா ஹைலக்ஸ் கெப்புக்குக் கொழும்பில் தனி மரியாதையே வந்துவிட்டது.

கெப்பைக் கையில் எடுத்ததும் பலருக்கும் வரும் ஆசை ஒன்றுதான். டர்போ பூட்டலாமா, டீசல் கூடப் போக பம்பைக் கொஞ்சம் திருப்பிவிடலாமா, சில்லைப் பெரிதாக்கலாமா? நான் கேட்டுக்கொள்வது, இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்குங்கள் என்பதுதான். வண்டி முதலில் நிற்க வேண்டும், பிறகு சூடேறாமல் ஓட வேண்டும், பிறகு அதற்குச் சுத்தமான டீசல் போக வேண்டும். பவரைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.

பிரேக்கில் நம் ஆட்கள் அதிகம் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. பல கெப்களில் பின் அச்சுக்கும் சேஸிக்கும், அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்கும், நடுவே ஒரு கம்பி போய் ஒரு வால்வில் முடியும். பின்னால் எவ்வளவு பாரம் இருக்கிறது என்பதை, சேஸி எவ்வளவு பதிந்திருக்கிறது என்பதை வைத்து அந்த வால்வு கண்டுபிடித்துப் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கூட்டும், குறைக்கும். இப்போது நீங்கள் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டி வண்டியை உயர்த்திவிட்டால், சேஸி எப்போதும் மேலேயே நிற்பதால் வால்வுக்கு வண்டி எப்போதும் வெறுமையாகவே தெரியும். சீமெந்து ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வரும்போதும் பின் பிரேக் முழுதாகப் பிடிக்காது. பட்டை கூட்டினால் அந்தக் கம்பியின் தாங்கியையும் சரிசெய்ய வேண்டும், இதைச் சொல்லாமல் பட்டை பூட்டித் தருகிற இடங்கள் நிறைய இருப்பதால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், தெஹிவளை, கல்கிசை மாதிரிக் கடலோரக் காற்றில் சொல்லவே வேண்டாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். பழைய பிரேக் ஷூவின் தூசியை வாயால் ஊதவோ ஏர் அடிக்கவோ வேண்டாம், அதில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். நனைத்துத் துடையுங்கள்.

அடுத்தது சூடு. என்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வுதான் தெர்மோஸ்டாட். அதைக் கழற்றி எறிந்தால் என்ஜின் குளிர்ச்சியாக இருக்கும் என்று சொல்லும் பாஸ்மார், அதாவது மெக்கானிக்மார், இன்னும் இருக்கிறார்கள். பல ஜப்பான் என்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு: சூடானதும், தண்ணீர் ரேடியேட்டருக்குள் போகாமலே திரும்பி வரும் பக்கவழியை மூடுவது. அதைக் கழற்றினால் சூடான தண்ணீர் குளிராமலே ஒரு பங்கு திரும்பச் சுற்றும், மருதானைப் பக்கம் நெரிசலில் நிற்கும்போது அது தெரியவரும். பழைய டொயோட்டா 2எல், 3எல் என்ஜின்கள் ஒருமுறை அதிகமாகச் சூடேறினாலே ஹெட், அதாவது என்ஜினின் மேல்பாகம், விரிசல் விடக்கூடும். அதனால் குழாய்த் தண்ணீரை விட்டுவிட்டுக் கூலன்ட் ஊற்றுங்கள், தனியாக ஒரு வெப்பமானியும் பூட்டுங்கள். டேஷ்போர்டில் இருக்கும் முள் நகர்ந்து காட்டும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

இப்போது டீசல். காலையில் ஸ்டார்ட் எடுக்க நேரம் போகிறது, பில்டர் மேலிருக்கும் கைப்பம்பை நாலு தரம் அமுக்கினால் உடனே எடுக்கிறது என்றால் பெட்டரியையோ ஸ்டார்ட்டரையோ குறை சொல்ல வேண்டாம். எங்கேயோ காற்று உள்ளே இழுபடுகிறது, அதனால் இரவில் டீசல் டேங்குக்குத் திரும்பி இறங்கிவிடுகிறது. பில்டரிலிருந்து பம்புக்குப் போகும் வழியில், டீசல் தாங்கக்கூடிய தெளிவான பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றைத் தற்காலிகமாகப் பூட்டிப் பாருங்கள், குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். கைப்பம்பு அமுக்கியும் எடுக்கவில்லையென்றால், குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட்டுக்குச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, பெட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சோதனை பல்ப் வழியாக ஒவ்வொரு பிளக்கையும் தொட்டால் எரியாதது செத்தது. கொழும்பு வெக்கையில் இரண்டு பிளக் செத்தாலும் எப்படியோ எடுத்துவிடும், நுவரெலியாவில் ஒரு விடியற்காலை அது எடுக்காது. புது பிளக் வாங்கும்போது வோல்ட் பார்த்து வாங்குங்கள், 6 வோல்ட் பிளக்கை 12 வோல்டில் பூட்டினால் எரிந்துபோகும்.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில் கேனில் வாங்கிச் சேர்த்துவைத்த டீசல் பல டேங்குகளில் தண்ணீரையும் வழுவழுப்பான அழுக்கையும் விட்டுப் போயிருக்கிறது. பில்டரை மாற்றியும் திரும்பத் திரும்ப அடைத்தால் டேங்கை இறக்கிக் கழுவாமல் அது முடியாது. என்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நொசிலைச் சோதிப்பதை மட்டும் வீட்டில் செய்ய வேண்டாம். அந்த அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், போனால் அது சத்திரசிகிச்சை வரை போகும் விஷயம். நொசில்களைக் கழற்றிப் பம்ப் வேலை செய்யும் கடைக்குக் கொண்டுபோங்கள்.

வீட்டில் வேலை என்றதும் இன்னும் ஒன்று. ஒழுங்கைக்குள் இடமில்லை, அவசரம் என்று சீமெந்துக் கல்லின் மேல் வண்டியை ஏற்றி அடியில் படுக்க வேண்டாம். அந்தக் கல் ஒரு சத்தமும் இல்லாமல் நொறுங்கும். இரும்பு ஸ்டேண்ட் வாங்குங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். கழிவு ஒயிலைக் கானில் ஊற்றினால் அது வெள்ளவத்தைக் கால்வாய் வழியாகக் கடலுக்குத்தான் போகும், போத்தலில் சேர்த்துச் சர்வீஸ் ஸ்டேஷனில் கொடுங்கள். துருவுக்கு என்று அதை அடியில் அடிப்பதும் வேண்டாம், ரப்பர் புஷ் எல்லாம் ஊதிப்போகும்.

உதிரிப்பாகம் வாங்கக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய உதிரிப்பாகத்தையே கையோடு கொண்டுபோங்கள், பொனட்டுக்குள் மாடல், என்ஜின் விபரம் இருக்கும் தகட்டையும் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். வருடத்தைச் சொன்னால் போதாது, ஒரே வருடத்தில் இரண்டு என்ஜின்கள் வந்திருக்கும்.

சரி, பவர். பம்பைத் திருப்பினால் டீசல் கூடும், காற்று கூடாது. மிச்ச டீசல் கறுப்புப் புகையாகப் போகும், புகைபோக்கிச் சூடும் ஏறும், அது அந்த ஹெட்டைத்தான் தாக்கும். அந்தக் காசில் ஹெட்லைட்டுக்குப் பெட்டரியிலிருந்து நேராக ஒரு ரிலேயும் பியூஸும் போட்டுத் தடித்த வயர் இழுங்கள், அதே பல்ப் எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்று பாருங்கள். என்ஜினையே மாற்றுகிறீர்கள் என்றால் புது என்ஜின் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வண்டியின் வருட லைசன்ஸ் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைக்குப் போகும் முன், என்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட்டைப் பாருங்கள். அங்கே எக்ஸிலேட்டரை ஒரேயடியாக அடிவரை மிதிப்பார்கள், பழைய பெல்ட் அப்போது அறுந்தால் வால்வுகள் வளைந்துவிடும். 2எல், 3எல் என்ஜின்களுக்கு 1,00,000 கிலோமீட்டர் கணக்கு, சில மாடல்களில் அதற்கென்றே டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரியும். எப்போது மாற்றியது என்று தெரியாத வண்டி வாங்கியிருந்தால் முன்னுக்கு இருந்தவரின் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம், பெல்ட்டையும் அதன் டென்ஷனரையும் சேர்த்து மாற்றிவிட்டே போங்கள்.

நன்றி, வணக்கம்.