ஒரே ஸ்கூட்டர், ஒரே பேட்டரி: 150 கிலோமீட்டரா, 110 கிலோமீட்டரா?

[திரையில்: 150 | 110]

ஏத்தர் 450எக்ஸ், 2024 மாடல், 3.7 யூனிட் பேட்டரி. ஒரு முழு சார்ஜ்ல போற தூரம், அதாவது ரேஞ்ச்: ஐடிசிங்கிற சோதனைப்படி 150 கிலோமீட்டர், நிஜ ரோட்டுக்குன்னு சொல்ற 'ட்ரூ ரேஞ்ச்' 110. ரெண்டையும் சொல்றது கம்பெனியேதான்! மிச்ச 40 எங்க போச்சு?

யூனிட்னா நம்ம கரண்ட் பில்லுல வர்ற அதே யூனிட், 1000 வாட் ஹவர். அவ்ளோதான், மேல போவோம்.

[திரையில்: ஐடிசி வேக வரைபடம்]

இதுதான் சுவாரசியம். ஐடிசிங்கிறது (இந்தியன் ட்ரைவிங் சைக்கிள்) பெட்ரோல் வண்டியோட புகையை அளக்க உருவாக்கின சோதனை ஓட்டம். ஒரு சுற்று 108 விநாடி. வண்டி நிக்கிறது 16, வேகம் எடுக்கிறது 42, ஒரே வேகத்துல போறது 13, வேகம் குறையிறது 37. பெட்ரோல் வண்டி நின்னாலும் குடிக்கும். எலெக்ட்ரிக் நின்னா கிட்டத்தட்ட செலவே இல்லை. வேகம் குறையும்போது மோட்டாரே கரண்ட் தயாரிச்சு பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும், அதுதான் ரீஜென். அதுல கொஞ்சம் திரும்பவும் ஏறும். ஆக 108-ல 53 விநாடி பேட்டரிக்கு ஓய்வு மாதிரி! உச்ச வேகம் மணிக்கு வெறும் 42 கிலோமீட்டர். அந்த வேகத்துல பைபாஸ்ல போய்ப் பாருங்க, பின்னால வர்ற பஸ் ஹார்னை விட்டுக் கையே எடுக்காது. 40-லருந்து 60-க்குப் போனா காத்து தள்ளுற விசை 2.25 மடங்கு. 40 கிலோமீட்டர் பெரும்பாலும் அங்கதான் கரையுது.

அதனால கிலோமீட்டரை விடுங்க, வகுத்துப் பாருங்க. 3700-ஐ 150-ஆல வகுத்தா கிலோமீட்டருக்கு 24.7 வாட் ஹவர். 110-ஆல வகுத்தா 33.6. ஓலா எஸ்1 ப்ரோ ரெண்டாம் தலைமுறை, 4 யூனிட், ஐடிசி 195: 20.5 வருது. இதை ஏத்தரோட 24.7 கூடத்தான் ஒப்பிடணும், 33.6 கூட இல்லை. ஷோரூம்ல சண்டையே இந்தக் குழப்பத்துலதான் வருது.

கார்லயும் இதே கதை: 45 யூனிட் பேட்டரி இருக்கிற நெக்ஸான் இவி, சான்றிதழ்ல 489 கிலோமீட்டர், டாட்டாவே சொல்ற சி75 ரேஞ்ச் (75% பேருக்கு நிஜ ஓட்டத்துல கிடைக்கிற தூரம்) 350–370.

[திரையில்: கால்குலேட்டர்]

உங்க வண்டிக்கு: டயர்ல காத்து சரி பாருங்க. முழு சார்ஜ், ட்ரிப் மீட்டர் பூஜ்யம், 20% வரைக்கும் எப்பவும் போல ஓட்டுங்க. 80 கிலோமீட்டர் வந்துச்சா? 3700-ல 80%, அதாவது 2960, வகுத்தல் 80, 37. முதல் 20%-ஐ மட்டும் வச்சுக் கணக்குப் போடாதீங்க, சதவீதம் சீரா இறங்காது. வீட்டு மீட்டர்லயும் அளக்காதீங்க, சார்ஜர் சூடாகி வீணாகுறதும் அதுல சேர்ந்துடும். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரின்னா அப்பப்ப 100% ஏத்துங்க. நடு அளவுல வோல்டேஜ் மாறாததால சதவீதம் தப்பாக் காட்டும்.

உங்களுக்கு வந்த எண், வண்டி மாடல், பின்னால ஆள் இருந்தாங்களான்னு மூணையும் கமெண்ட்ல போடுங்க. 25-க்குக் கீழ வந்தா ஸ்பீடோமீட்டர் போட்டோவும் வேணும்!