மூன்று ஊதுகுழல்களுக்கு ஒரு பீத்தோவன்

வணக்கம் நேயர்களே. இன்றைக்கு ஒரே ஒரு படைப்பைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பீத்தோவன் மூன்று பேர் வாசிக்க எழுதிய சி மேஜர் டிரியோ, ஓபஸ் 87. ஓபஸ் என்பது படைப்புகளுக்கு இடும் வரிசை எண். பியானோ கிடையாது, வயலின் கிடையாது. ஒபோ என்ற மரக்குழல் இரண்டு, அதே குடும்பத்தில் குரல் தாழ்ந்த இங்கிலீஷ் ஹார்ன் ஒன்று, அவ்வளவுதான்.

அவருடைய ஏழாவது சிம்பொனியின் ஓபஸ் எண் 92 ஆயிற்றே, பக்கத்து எண்ணான இதுவும் அந்தக் காலத்தில் எழுதியதாகத்தான் இருக்கும் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் இது 1795 வாக்கில் எழுதியது. வியன்னாவுக்கு வந்து இரண்டு மூன்று வருஷமே ஆன, 24 வயது இளைஞர் அப்போது அவர். அச்சானது 1806-ல். 87 என்ற எண் அதற்கும் பின்னால் ஒட்டிக்கொண்டது.

ஒபோவில் வாய் வைத்து ஊதுவது இரட்டை நாணல். நாதஸ்வரத்துச் சீவாளி மாதிரி என்றால் உடனே புரியும், ஆனால் இதன் வாய் இன்னும் குறுகல். அந்த இடுக்கில் காற்று கொஞ்சம்தான் போகும் என்பதால் ஊதுகிறவருக்கு மூச்சு போதாமல் போவதைவிட மிஞ்சிப்போவதுதான் தொல்லை. பழைய காற்று நெஞ்சிலேயே தங்கிவிடும், அதை வெளியே விட்டுவிட்டுத்தான் புதிதாக இழுக்க வேண்டும், அதற்கும் நேரம் வேண்டும், உதடும் வலிக்க ஆரம்பித்திருக்கும். நான்கு பகுதிகள், இருபது நிமிஷத்துக்கு மேல், மூன்றே பேர். ஒருவர் ஓய்ந்தால் இருவரே மிச்சம். அதனால் ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில் இன்னொருவர் பேச்சை எடுத்துக்கொள்கிறார், அது கேட்பவருக்கு உரையாடலாகவே படுகிறது.

அப்புறம் அடிக்குரல். காற்றுக்கருவிக் குழு என்றால் கீழே தாங்கிப் பிடிக்க பஸூன் என்ற அடிக்குரல் குழல் இருக்கும். இங்கே அந்த வேலை இங்கிலீஷ் ஹார்னுக்கு. ஒபோவைவிட ஒரு பஞ்சமம் கீழே போகும், அதற்கு மேல் ஆழம் கிடையாது. அதனால் இந்த இசை முழுக்கத் தரைக்கு ஒரு முழம் மேலேயே மிதக்கிறது. எனக்கு இதில் பிடித்ததே அதுதான். இன்றைக்கு ஒபோ, கிளாரினெட், பஸூன் என்று மாற்றியும் வாசிக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பஸூன் வந்ததும் கால் தரையில் ஊன்றிவிடுகிறது. ஒரே வீட்டுப் பிள்ளைகளின் குரல்போல, யார் முடித்தார் யார் தொடங்கினார் என்று தெரியாமல் மயங்கும் அழகும் போய்விடுகிறது.

மூன்றாம் பகுதிக்கு மினுவெட் என்ற நிதானமான பழைய நடனத்தின் பேர், வேகமோ அல்லெக்ரோ மோல்ட்டோ, அதாவது மிக விரைவு. அந்த வேகத்தில் யாரும் மினுவெட் ஆட முடியாது. பின்னால் சிம்பொனிகளில் மினுவெட்டுக்குப் பதிலாக அவர் அவிழ்த்துவிட்ட ஸ்கெர்ட்ஸோ என்ற விரைவான பகுதியின் துள்ளல் இங்கேயே கேட்கிறது.

சரி, இப்போது இரண்டாம் பகுதி, அடாஜியோ காண்டாபிலே, அதாவது மெதுவாக, பாடுவதுபோல. மேலே ஒபோ பாடும்போது காதைக் கொஞ்சம் கீழே இறக்கி இங்கிலீஷ் ஹார்னைக் கேளுங்கள்.